சிவந்த செடி

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு நின்றவள் நான். கயல்விழி சொன்னது ஒன்று, நான் சொல்வது வேறு என்று ஆகிவிட்டால் யாருக்குக் கேடு வருமோ.

கயல்விழி எங்கள் ஊரிகம் தங்கச் சுரங்க லைன் வீட்டுப் பெண். பெங்களூரில் செடிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் வீட்டுக்கொரு பிளாஸ்டிக் கவர் கொடுத்து, தோட்டத்து மண் வாங்கிப் போனாள். இந்த ஞாயிற்றுக்கிழமை முடிவைச் சொல்ல வந்தாள். குழாயடியில் எல்லோரும் கூடிவிட்டோம்.

"இது கடுகுச் செடி ஆன்ட்டி. இலையைச் சிவப்பாக்குற ஜீன் ஒண்ணு உள்ளே வெச்சிருக்கோம். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்விட்ச். புரமோட்டர்னு பேரு. மண்ணுல விஷ உலோகம் இருந்தாதான் அந்த ஸ்விட்ச் போட்டுக்கும், இலை சிவக்கும். இல்லேன்னா ஜீன் சும்மா தூங்கும். செடி பச்சையாவே இருக்கும்."

"எங்க வூட்ல ஸ்விட்ச் போட்டாலே பல்பு எரியறதில்ல. நீ செடிக்கு ஸ்விட்ச் வெச்சிக்கினு கீறியா!" என்றாள் பாப்பம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

கயல்விழி போனை நீட்டினாள். வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் வீட்டு நம்பர். எல்லாம் பச்சை. ஒன்று மட்டும் ரத்தச் சிவப்பு.

ஐடாக்கா வீட்டு நம்பர்.

சிரிப்பு நின்றுவிட்டது.

ஐடாக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து வீடு. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டி, லைனின் கடைசி. இரண்டு பேருமே தோட்டத்தில் கீரை போட்டு விற்கிறோம். என் தொட்டி பச்சை என்றதும்தான் எனக்கு மூச்சே வந்தது. வீட்டுக்காரர் மைன்ஸ் தூசி அடைத்த நெஞ்சோடு கட்டிலில் கிடக்கிறார். கீரை விற்றால்தான் எங்கள் அடுப்பு எரியும்.

"ஏக்கா, மாசமா கீற பொண்ணு இந்து. தெனம் உங்கிட்டதானே வாங்கித் துன்றா? இன்னா மனுஷி நீ?" நான்தான் முதலில் கேட்டேன்.

"பென்ஷன் வருது. அப்பவும் ஆசை வுடல" என்றாள் பாப்பம்மா.

ஐடாக்கா வீட்டுக்குள் போய்விட்டாள்.

சாயங்காலமே அவளுடைய வாடிக்கைக்காரர்கள் என் வாசலில் நின்றார்கள். இந்துவும் வந்தாள்.

"இனிமே எனக்கு நீங்கதான் ஆன்ட்டி."

அவர்கள் போனதும் ஐடாக்கா பின்பக்கமாக வந்தாள்.

"கதவ சாத்து ஷோபா."

"இன்னா, சண்டைக்கா?"

"கவர் குடுத்த அன்னிக்கு நீ உன் வூட்டுக்காரர இட்டுக்கினு கோலார் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தே. ரெண்டு கவர்லயும் மண்ணு போட்டது நான்தான்."

"அதுக்கு?"

"என் தோட்டத்துல கீறது எங்க வூட்டுக்காரரு நோயல் அந்தக் காலத்துல லாரி வெச்சிக் கொட்டின ஏரி மண்ணு. உன்னுது மழையில மேட்டுல இருந்து எறங்கின மண்ணு. மாட்டினா உன்னுதுதான் மாட்டும்னு தெரியும். எனக்கு பென்ஷன் கீது. உனக்கு இன்னா கீது? அதான் கவர மாத்திட்டேன்."

சிவந்தது என் மண்.

"நாலு பேர் பேசுவாங்க, நான் வாங்கிக்கலாம்னுதான் நெனைச்சேன். இவ்ளோ விஷம்னு நெனைக்கல ஷோபா. நீயே எல்லார்கிட்டயும் சொல்லிடு. என் தோட்டத்துல பாதிய எடுத்துக்கோ. சேந்து கீர போடலாம்."

தலையை ஆட்டினேன்.

ஆனால் எப்படிச் சொல்வது? இத்தனை வருஷம் விற்ற கீரைக்கு என்ன பதில் சொல்வேன்? யார் யார் பிள்ளைக்கு என்னென்ன வியாதியோ, எல்லாம் என் தலையில்தானே விழும்?

மறுநாள் காலையில் என் தோட்டத்துக் கீரையையே பறித்துக்கொண்டு, "கீரை... சொப்பு..." என்று தமிழிலும் கன்னடத்திலும் கூவிக்கொண்டு போனேன். ஐடாக்கா வாசலில் நின்று பார்த்தாள். மனசு கேட்காமல் இந்துவுக்கு ஒரு கட்டு கூடவே கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் இப்போது ஐடாக்கா தோட்டத்துக் கீரைதான்.