தொய்யாத பிடி

சாரல் வருவதற்குள் பாவு நூலைத் தறியில் சுற்றிவிட வேண்டும். வடகரையில் தன்னை மிஞ்சிய நெசவாளி இல்லை என்று தானே சொல்லிக்கொள்ளும் அருமைநாயகம், வீட்டுக்குள் உருளையைச் சுற்றினார். தெருவில் பாவின் மறுமுனையைப் பிடித்திருந்தாள் மனைவி தங்கபுஷ்பம்.

“ஏட்டி, தொய்யுது! இழுத்துப் புடி!” உள்ளேயிருந்தே ஏசினார்.

கொஞ்ச நேரத்தில் நூல் விறைப்பாக வந்தது. 

“இப்பதாம்ட்டி தொழில் படிச்சிருக்க! எல்லாம் நான் ஏசின ஏச்சு!”

அப்போது பின்வாசல் வழியாகக் காய்கறிப் பையோடு வந்தாள் தங்கபுஷ்பம்.

“யாரை மெச்சுதீய?”

தெருவுக்கு ஓடினார். பாவு முனையில் அவள் கட்டிவிட்டுப் போயிருந்த அம்மிக்கல், அவர் சுற்றச் சுற்ற இழுபட்டு வாசல்வரை வந்திருந்தது.

“அதுக்குக் காது இல்லைல்லா, அதான் ஒழுங்காப் புடிச்சிருக்கு” என்று தலையைச் சொறிந்தார் அருமைநாயகம்.