சுருங்காத கண்

‘சுருங்காதே, சுருங்காதே’ என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே அந்த ஏழு வயதுச் சிறுமியின் இடது கண்ணில் டார்ச் அடித்தாள் டாக்டர்.

வலது கண்மணி கடுகளவு இருந்தது. இடது, சட்டைப் பித்தான்போல விரிந்து கிடந்தது.

ஒரு கண்மணி மட்டும் விரிந்தால் மூளை வீங்குகிறதோ என்றுதான் முதலில் பயப்பட வேண்டும்.

வீங்கியிருந்தால் அது அவள் கைங்கரியம். ஆஸ்துமாவில் இறுகிப்போன நுரையீரல் வெடித்துவிடக் கூடாதென்று, நான்கு நாள் செயற்கை மூச்சை மெதுவாக ஓடவிட்டவள் அவள்தான். கெட்ட காற்று ரத்தத்தில் தேங்கும், மூளையைப் பதம் பார்க்கும் என்று தெரியும். தெரிந்தேதான் செய்தாள்.

இன்று காலை குழாயை எடுத்து, முகமூடியில் மருந்துப் புகை வைத்தார்கள். பிள்ளை வாயைத் திறந்து பேசிவிட்டது. வார்டே துள்ளியது. ஒரு மணி நேரத்தில் இந்தக் கண்.

ஒரே ஒரு நம்பிக்கை. முகமூடி விலகி, புகை கண்ணில் பட்டிருந்தாலும் கண்மணி விரியும்.

ஸ்கேன் அறை காலியாகும்வரை சும்மா இருக்க முடியாமல், கண்மணியைச் சுருக்கும் சொட்டு மருந்தை விட்டாள். நரம்பில் கோளாறென்றால் சுருங்கிவிடும். புகையின் வேலையென்றால் அசையாது.

அரை மணி ஆயிற்று. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

அசையவில்லை.

“மேடம், அப்படியே இருக்கு!” நர்ஸ் கிட்டத்தட்டக் குதித்தாள்.

“ஐயோ, சுருங்கலையா?” தாய் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

டாக்டர் அவள் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். “சுருங்கலைம்மா! சுருங்கவே இல்ல! மூளைக்கு ஒண்ணுமில்ல!”

“கண்ணு கூசுது. எல்லாரும் ஏன் கத்துறீங்க?” என்றது பிள்ளை.

சிரிப்பு அடங்கியதும் டாக்டருக்கு ஆத்திரம் பொங்கியது. அரை மணி நேரத்தில் பாதி உயிர் போய்விட்டதே!

“முகமூடியை யாரு தூக்கினது?”

நர்ஸ் முகமூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். தாய்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“நீங்கதாம்மா. காதைக் கிட்ட வெச்சு, உன் பேரு என்ன, உன் பேரு என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. ஒன்பது தடவை சொன்னா.”