கரையும் புள்ளிகள்

“நிஜமா ஓடுற திரையை ஒரு தடவை காட்டுங்க சார்” என்று கேட்டேன். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ராணுவ ட்ரோன்களைக் கண்காணிக்கும் திரையை வடிவமைப்பது என் வேலை. கீழே நடமாடும் ஆட்கள் அதில் வெள்ளைப் புள்ளிகள். புள்ளி சட்டென்று அணைந்தால் பார்ப்பவர் கண்ணை உறுத்துகிறதாம், மெல்லக் கரைய வை என்றார்கள். வைத்தேன். ஏன் அணைகிறது என்று யாரும் சொல்லவில்லை.

“உங்க வீட்லயே முதல் டிகிரி நீதான், தவமணி. வாயால வேலையைக் கெடுத்துக்காத” என்றார் மேலாளர் ரகோத்தமன். பிறகு என்ன நினைத்தாரோ, “சரி, உன் கைவேலையை நீயே பாரு” என்று திரையைத் திருப்பினார்.

பதினோரு புள்ளிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று பின்தங்கி நின்றது. முன்னால் போன ஒன்று திரும்பி அதனிடம் ஓடிவந்தது. இரண்டும், நான் வைத்த அதே வேகத்தில், சேர்ந்தே கரைந்தன.

“பாத்தியா, கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு.”

என் இடத்துக்கு வந்து, புள்ளியைக் கரைய வைக்கும், அணைக்கும் நிரல் வரிகளை மொத்தமாக அழித்து, ஓடுகிற திரைக்கே அனுப்பினேன். இனி எந்தப் புள்ளியும் அணையாது. நின்ற இடத்திலேயே எரிந்துகொண்டிருக்கும். அடையாள அட்டையை டிராயரில் போட்டு மூடினேன்.

“டீக்கா?” என்றார் ரகோத்தமன்.

“ஆமா சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.