ஓட்டை போட்ட பாட்டில்

சாயந்தரம் வேலை முடிந்து வந்த ஜெர்வின், கிரில் கேட்டுக்குள் கிடந்த தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்தான். சுற்றிலும் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது.

"ஃபெபி, இது நம்ம வீட்டு பாட்டில் இல்லையே."

மனைவி எட்டிப் பார்த்தாள். பக்கத்திலேயே கிழிந்த முட்டை அட்டை ஒன்று. முடிச்சு போட்ட பழைய துணி ஒன்று. அவர்கள் நாய் பூந்தி ஒன்றும் தெரியாததுபோல வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"மேல இருந்துதான் போட்டிருக்கான்" என்றான் ஜெர்வின். "ஏதாவது மருந்து கலந்து வெக்கிறானா?"

மாடி வீட்டு வேம்புலிக்கும் அவனுக்கும் பேச்சு நின்று ஏழு மாதம் ஆகிறது. வேம்புலிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் நைட் ஷிப்ட். பகலில்தான் தூக்கம். ஜெர்வினும் ஃபெபியும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் பூந்தி தனியாகக் கிடந்து நாள் முழுக்கக் குரைக்கும். ஒருநாள் அவர் வாசலில் வந்து நின்று, "ஒண்ணு உன் நாய் இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஜெர்வின் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கொஞ்ச நாளில் பூந்தி குரைப்பதை நிறுத்திவிட்டது. வயசாக ஆகப் புத்தி வந்துவிட்டது என்று ஜெர்வின் நினைத்துக்கொண்டான். இப்போது அந்த அமைதியே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் லீவு போட்டான். வழக்கம்போல ஃபெபியை பஸ் ஏற்றிவிட்டு, பின்பக்கமாக வந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

பன்னிரண்டரை மணிக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பூந்தி துள்ளி எழுந்தது. மேலேயிருந்து கயிற்றில் கட்டிய பாட்டில் ஒன்று மெதுவாக இறங்கியது.

ஜெர்வின் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து அதைப் பிடித்தான்.

"இதுல என்ன வெச்சிருக்கீங்க?"

பால்கனியில் நின்ற வேம்புலி ஒரு கணம் திகைத்தார். அப்புறம் படியிறங்கி வந்தார். பாட்டிலை வாங்கி உள்ளங்கையில் தட்டினார். அவித்த முட்டைத் துண்டு ஒன்று விழுந்தது. அதை எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"போதுமா?"

ஜெர்வின் பூந்தியைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ காலைல தட்டு நிறைய கொட்டிட்டுப் பூடற. அது ரெண்டு நிமிசத்துல துன்னுடுது. அப்பால நீ வர்ற வரைக்கும் அது இன்னாதான் பண்ணும், சொல்லு? வேலையில்லாம கெடந்தா மனுசனுக்கே பைத்தியம் புடிக்கும். அதான் கொரைச்சிகினே கெடந்துச்சு."

அவர் பாட்டிலைத் தரையில் உருட்டிவிட்டார். பூந்தி அதன் பின்னால் ஓடியது. காலால் தட்டியது, மூக்கால் தள்ளியது. ஒரு துண்டு வெளியே வந்து விழவும் அதைத் தின்றுவிட்டு, அடுத்தது எந்த ஓட்டையில் வரும் என்று தலையைச் சாய்த்து யோசித்தது. அந்த முகத்தில் அப்படியொரு அக்கறையை ஜெர்வின் பார்த்ததே இல்லை.

"எம் பொண்ணுதான் போன்ல காட்டுச்சு. தேடித் தேடித் துன்னா அதோட மூளைக்கு வேலையாம். ஒருநாள் பாட்டில், ஒருநாள் முட்டை அட்டை, ஒருநாள் துணி முடிச்சு, சில நாள் மூணுமே. ஒரே மாதிரி குடுத்தா மூஞ்சைத் திருப்பிக்குது. சாயந்தரமா எம் பொஞ்சாதி எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டுடுவா. நேத்து ஆவடில ஒரு கல்யாணத்துக்குப் பூட்டா, அதான் உன் கண்ணுல பட்டுடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"நீதான் என் மூஞ்சியப் பாக்கவே மாட்டேன்றியே" என்றார். உடனே குரலைக் கடுமையாக்கிக்கொண்டார். "பாசம் கீசம்னு நெனச்சுக்காத. அது தூங்கினாதான் நான் தூங்க முடியும். அவ்ளோதான் கணக்கு."

விறுவிறுவென்று போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து பாட்டில் காலியானது. பூந்தி நிழலில் சுருண்டு படுத்து, நிம்மதியாகத் தூங்கிப்போனது. இத்தனை மாதமாக அதன் பகல்பொழுது எப்படிப் போகிறது என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது ஜெர்வினுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆறு மணிக்கு ஃபெபியையும் கூட்டிக்கொண்டு, ஒரு கேக் டப்பாவோடு மாடி ஏறினான். வேம்புலியின் மனைவி கதவைத் திறந்தாள்.

"அண்ணன் எழுந்துட்டாரா அக்கா? நைட் டூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தோம்."

"நைட் டூட்டியா?" அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது மாறி நாலு மாசம் ஆவுதே தம்பி. காலைல ஏழு மணிக்கே பூடறாரு. இன்னும் வேலை உட்டு வரல."

"அப்போ மத்தியானம் வந்தாரே?"

"சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் உடுவாங்க. சைக்கிள்ல பறந்து வந்து, அதுக்கு வேலை வெச்சிட்டுப் பறந்து போவாரு. நான் கட்டிக் குடுக்கற சோத்தை இப்போல்லாம் ராத்திரிதான் துன்றாரு."