பெயர் மாற்றப்பட்டுள்ளது

"மூணு மாடி ஏறி வந்திருக்கேன் மேடம். சண்டை போடத்தான் வந்தேன். முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

கோவிந்தம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டெல்லி முனீர்க்காவில் காலையிலிருந்து நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்த அலுப்பு.

உஷாராணி தண்ணீர் கொடுத்து, சோபாவில் வந்து உட்காரச் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் துறைப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. சாருக்குச் சத்தம் பிடிக்காது."

சார் என்றால் அவள் கணவர் மாணிக்கவாசகம். மத்திய அரசில் ஆபீசராக இருந்தவர். உள் அறையில் அவர் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது.

"எங்க ஜுக்கிக் குடிசைக்கு வந்து என் வாழ்க்கையைக் கேட்டு எழுதிட்டுப் போனீங்க. அழுதுகிட்டே சொன்னேன். புஸ்தகத்துல என் பேரு எங்கே?"

"மஹாலட்சுமின்னு வருதே, அது நீங்கதான்."

"யாரு அந்த மஹாலட்சுமி? கோவிந்தம்மாள்னு போட்டா உங்க புஸ்தகம் விக்காதா?"

"அப்படியில்ல. அடி உதை பத்திச் சொல்றவங்க பேரை மாத்திப் போடறது எங்க வழக்கம். அதைப் படிச்சிட்டு மறுபடி உங்களை யாரும் அடிச்சிடக் கூடாதில்ல?"

"அடிக்க அந்தாளு இருந்தாத்தானே? செத்து ஆறு வருஷமாச்சு."

வினை மகள் மஞ்சுவால் வந்தது. அவள் படிக்கிற காலேஜில் உஷாராணியின் புத்தகம்தான் பாடம். மஹாலட்சுமியைப் பற்றி டீச்சர் உருகி உருகிப் பேசியபோது, மஞ்சு எழுந்து, "அது எங்கம்மா" என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. பொய்க்காரி என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

"அன்னையிலேர்ந்து காலேஜ் போகமாட்டேங்கறா. படிப்பே போயிடும் போல இருக்கு. என் பேரைப் போட்டுடுங்க மேடம்."

"ரெண்டாம் பதிப்பு இந்த வாரம் அச்சுக்குப் போகுது. மாத்தலாம். ஆனா யோசிங்க. சொந்தக்காரங்க, நீங்க வேலை செய்யற வீட்டுக்காரங்க, எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அவமானமா இருக்காதா?"

"அடிச்சது அவன். நான் எதுக்கு மூஞ்சியை மூடிக்கணும்?"

உஷாராணி காலி சொம்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"மஞ்சு எல்லாக் கதையும் வாசிச்சுச் சொன்னா. அஞ்சாவதுல தங்கம்னு ஒருத்தி வர்றாளே, ஆபீசர் பொண்டாட்டி. வெளியில அவ பேசற பேச்சென்ன, வீட்டுல வாங்கற அடியென்ன. கையில மாவுக்கட்டைப் போட்டுக்கிட்டு, பஸ்ஸுலேர்ந்து விழுந்துட்டேன்னு சொல்லுவாளாமே. அவ வேணா பேரை மறைச்சுக்கட்டும், பாவம். படிச்சவங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி."

உஷாராணி ரொம்ப தூரம் நடந்து வந்தவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"உஷா!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரது? டீ என்னாச்சு?"

"போங்க மேடம், சாருக்கு டீ குடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

உஷாராணி எழுந்தாள். சமையலறைக்குப் போகவில்லை. போனை எடுத்துப் பதிப்பகத்தைக் கூப்பிட்டாள். ஹிந்தியில் பேசியதால் கோவிந்தம்மாளுக்கும் முழுக்கப் புரிந்தது.

"ஜ்யோத்ஸ்னா, மஹாலட்சுமின்னு வர்ற இடத்துல எல்லாம் கோவிந்தம்மாள்னு மாத்திடுங்க. ஆமா, அவங்க சம்மதத்தோடதான். எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க."

கோவிந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிளம்புவதற்காக முழங்காலில் கை ஊன்றினாள்.

"வைக்காதீங்க, இன்னொரு பேரும் இருக்கு." உஷாராணியின் குரல் இப்போது உள் அறை வரைக்கும் கேட்கும்படி உயர்ந்தது. "அஞ்சாம் அத்தியாயத்துல தங்கம்னு இருக்கில்ல? அங்கே உஷாராணின்னு போடுங்க."

உள்ளே பேப்பர் சத்தம் நின்றது.