யாருக்கு இந்த மல்லிகை?

“பிள்ளையைப் புதைச்ச கையில இன்னும் மண்ணு வாசமே போகல. அதுக்குள்ள அவனுக்குத் தினமும் மல்லிப்பூ கேக்குது!”

சொல்லிக்கொண்டே குமுதா, விமலாவின் பின்கழுத்தில் எண்ணெயைத் தேய்த்தாள். கோபத்தில் கட்டைவிரல் கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.

“மெதுவாலா!” விமலா நெளிந்தாள். “யாரைக்கா சொல்றீங்க?”

“எங்க பிளாட்டுல மேல்வீட்டுல இருக்கானே, தனேஷ். லோரி ஓட்டுறவன். தினேஸ்வரி புருசன்.”

“பிறந்த குழந்தை தவறிப்போச்சே, அவங்களா? பாவம்லா.”

“அவ பாவம். இவன் இல்ல. சாயங்காலம் ஆனா பத்துமலை அண்ணன் பூக்கடையில வந்து நிக்கிறான். கட்டின சரம் வேணாமாம், உதிரியா வேணுமாம். பொண்டாட்டி தலையில வைக்க எவனாவது உதிரிப்பூ வாங்குவானா? வேற எங்கயோ மெத்தையில தூவத்தான் போகுது.”

காத்திருந்த இரண்டு பெண்கள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மலேசியாவின் ஈப்போ நகரத்து லிட்டில் இந்தியாவில் குமுதாவின் வாசனை எண்ணெய்க் கடை ரொம்பச் சின்னது. அந்தக் குறையை அவள் வாய் ஈடுகட்டிவிடும். சந்தனம், லாவெண்டர் எல்லாம் இருந்தாலும் அவள் அதிகம் விற்பது மல்லிகை எண்ணெயைத்தான். “கல்யாணப் பொண்ணா? ரெண்டு சொட்டு போதும். முறைச்சுக்கிட்டு இருக்கிற மாப்பிள்ளைகூட வழிக்கு வந்துடுவான்” என்பாள். சொல்லிச் சொல்லி, மல்லிகைக்கு வேறு வேலையே கிடையாது என்று அவளே நம்பிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தனேஷே உள்ளே வந்தான்.

“அக்கா, மல்லிகை எண்ணெய் இருக்கா?”

குமுதா விமலாவின் கழுத்திலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

“ஏன் தம்பி, பூ என்னாச்சு?”

“வெள்ளிக்கிழமை இல்லையாக்கா, எல்லாம் கோயிலுக்குப் போயிடுச்சாம். பத்துமலை அண்ணன்கிட்ட ஒண்ணும் இல்ல. அதான்... எண்ணெய் போட்டாலும் அதே மாதிரி கேக்குமானு...”

“எதுக்குக் கேக்குமானு? யாருக்கு?”

அவன் அங்கிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

“வீட்டுக்குத்தான்கா.”

“வீட்டுல யாரு இப்போ பூவும் வாசமுமா இருக்கிற நெலமையில இருக்கா? பெத்ததைப் பறிகொடுத்துட்டு அவ சோறு தண்ணி இல்லாம கெடக்கா. நீ மல்லிகை தேடி கடை கடையா அலையிற. வெக்கமா இல்ல?”

அவன் முகம் கறுத்துப்போனது. என்னவோ சொல்ல வாயெடுத்தான். பெண்கள் எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்.

“சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

“நல்லாக் கேட்டீங்கக்கா” என்றாள் விமலா.

குமுதாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடுவாளா? “அந்தப் பொண்ணு காதுல போட்டே ஆகணும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம் எனக்குத்தான்” என்று, வழக்கத்தைவிடச் சீக்கிரமே கடையை மூடிவிட்டுக் கிளம்பினாள்.

தினேஸ்வரி கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மேலே ஒரு துண்டை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

“உன் புருசன் என்ன பண்றான்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்கத்தான் குமுதா படியேறி வந்தாள். ஆனால் வாயைத் திறக்கும் முன்பே வாசம் முகத்தில் அடித்தது. வீடு முழுக்க மல்லிகை.

“என்னாம்மா இது? பூ இங்கதான் வருதா?”

“எனக்குத்தான்கா.”

“உனக்கா? இந்த நேரத்துலயா?”

“தலைக்கு இல்லக்கா.”

தினேஸ்வரி துண்டை லேசாக விலக்கினாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. உள்ளே வைத்துக் கட்டியிருந்த துணியிலிருந்து, வாடிப் பழுத்த மல்லிகைகள் சில தரையில் உதிர்ந்தன.

“பிள்ளை போனது மாருக்குத் தெரியலையேக்கா. நேரத்துக்கு நேரம் பால் கட்டிக்குது. போகப் போக நின்னுடும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. வலி தாங்க முடியல. மல்லிப்பூவை வச்சுக் கட்டுனா வத்தும்னு சுங்காய் ஊர்லேருந்து அம்மா போன்ல சொன்னாங்க. அவருதான் தினமும் வாங்கிட்டு வந்து, என்னைப் பார்க்காம அழுதுக்கிட்டே கட்டி விடுறாரு.”

குமுதாவுக்கு இது தெரியாத வைத்தியமா? கடை போடும் முன் போன வாசனை எண்ணெய் வகுப்பில் படித்ததுதான். ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தபோது அவள் சித்திக்கே இப்படிக் கட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு அது அவள் புத்தியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாலு பெண்கள் நடுவே பெண்டாட்டியின் மாரைப் பற்றி அவன் எப்படி வாய் திறப்பான்? பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று இருந்தது அவளுக்கு.

“உள்ள வாங்கக்கா, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? அவரு இப்பதான் போன் பண்ணாரு. பூ தேடி சுங்கை சிப்புட் வரைக்கும் போயிட்டாராம்.”

“என்ன... சொன்னாரு?” குமுதா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“உங்க கடையில எண்ணெய் தீந்து போச்சுன்னாரு. ஆனா குமுதாக்கா மாதிரி உன்னைப் பத்தி இவ்வளவு அக்கறையா யாரும் விசாரிக்கலைனு சொன்னாருக்கா.”