பதினொன்றாம் வகுப்பின் பட்டன்கள்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இத்தனை பட்டன் அறுந்து போகிறது என்பது காமாக்ஷி டீச்சருக்குப் பிடிபடவில்லை.

ஆறாம் வகுப்புக்காரிகள் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், ஒருத்தியின் சீருடை மேல்கோட்டை இன்னொருத்தி பிடித்து இழுக்கிறாள். அவர்களுடைய பட்டன்கள் பத்திரமாக இருக்கின்றன.

நாள் முழுக்க பெஞ்சில் அசையாமல் இருக்கும் பெரிய பிள்ளைகளுக்குத்தான் நூல் தாங்கவில்லை.

இயற்பியல் நடத்துகிறவள் அவள். உராய்வே இல்லாத இடத்தில் தேய்மானம் எப்படி வரும்?

பட்டன் அறுந்தவர்கள் மதிய இடைவேளையில் பக்கத்து அறைக்குப் போவார்கள். அது தையல் அறை. போன வருடம்தான் வேலையில் சேர்ந்த சுகிர்தா டீச்சர் அங்கே இருப்பாள்.

காமாக்ஷியின் அறை வாசலில் பலகை உண்டு. ‘மாணவியர் மனநல ஆலோசனை அறை’. சாக நினைக்கும் பிள்ளையைக் கண்டுகொள்வதும் காப்பதும் அந்த அரசுப் பள்ளியில் அவள் பொறுப்பு.

அதற்காகப் பாளையங்கோட்டையில் பயிற்சிக்குப் போய் வந்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் அங்கே காரணம் சொன்னார்கள். அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. திரும்பி வந்து எதிரெதிராக இரண்டு நாற்காலி போட்டாள். ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்தாள், அதையும் சுகிர்தாவிடமே.

பள்ளி திறந்ததிலிருந்து ஒரு பிள்ளைகூட உள்ளே வரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். சில நாள் அழுகை கேட்கும். அதுதான் தாங்கவில்லை.

தன்னிடம் அழ வேண்டிய பிள்ளை அவளிடம் போய் அழுகிறது.

அன்று பதினொன்றாம் வகுப்பு பிரம்மசக்தி, மேல்கோட்டைக் கழுத்தருகே சேர்த்துப் பிடித்தபடி வாசலைக் கடந்தாள்.

“ஏட்டி, இங்கன வா. பட்டன் எங்க?”

“விழுந்துட்டு டீச்சர்.” உள்ளங்கையை விரித்தாள்.

தேய்ந்து அறுந்த நூலின் நுனி துடைப்பம் போலப் பிரிந்திருக்கும். பட்டன் துளையில் மிச்சமிருந்த இந்த நூல் ஒரே பக்கமாக முறுக்கேறிச் சுருண்டிருந்தது. விரலால் திருகித் திருகி அறுத்தால்தான் அப்படிச் சுருளும்.

ஆலோசனை அறைப் பலகைக்குக் கீழே நுழைகிறவளை வராந்தாவே பார்க்கும். பட்டன் இல்லாதவளை யாரும் பார்ப்பதில்லை.

புதிர் விடுபட்டதில் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கணம் வயிறு எரிந்தது. சுகிர்தாவிடம் போவதற்காக உடுப்பையே பிய்த்துக்கொள்கிறார்கள்.

பிரம்மசக்தி போனதும் காமாக்ஷி பைய எழுந்து தையல் அறை வாசலில் போய் நின்றாள்.

இருவரும் ஒரே பெஞ்சில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மேல்கோட்டு சுகிர்தாவின் மடியில் கிடந்தது. பிள்ளை குனிந்தபடி ஏதோ சொன்னது.

“யார்ட்டயும் சொல்ல மாட்டேன்ட்டி. சத்தியம்,” என்றாள் சுகிர்தா.

காமாக்ஷிக்குள் ஏதோ துள்ளியது. அது கொடுக்கவே கூடாத வாக்கு. பிள்ளை சொன்னது உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்து, அதை ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டால் உதவிக்கு வேறு யாரும் வர முடியாது. பயிற்சியில் முதலில் சொன்னதே அதைத்தான். தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்வதற்கான வாக்கியம்கூட அவள் மனதில் தயாராகிவிட்டது.

அப்போதுதான் சுகிர்தாவின் கையைப் பார்த்தாள்.

பட்டன் எப்போதோ தைத்தாயிற்று. ஊசி அதே துளையில் மறுபடி மறுபடி ஏறி இறங்கியது. பட்டன்மேல் நூல் புடைத்துக்கொண்டு நின்றது. முடிச்சுப் போட்டால் பிள்ளை எழுந்து போய்விடும். அடுத்து என்ன கேட்பது என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை.

காமாக்ஷி உள்ளே போய் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். பிரம்மசக்தி நடுவில். காமாக்ஷியும் ஜன்னலையே பார்த்தாள்.

“சாகணும்னு தோணுதாட்டி?”

சுகிர்தாவின் ஊசி நின்றது. கேட்டால் அந்த நினைப்பு வந்துவிடும் என்று எல்லோருக்கும் பயம். வராது. ஏற்கெனவே சுமப்பதை இறக்கி வைக்க இடம் கிடைக்கும்.

“தோணுது டீச்சர். நேத்துலேர்ந்து ரொம்ப.” பிறகு பதறினாள். “அம்மைக்குத் தெரியக் கூடாது. டீச்சர் சத்தியம் பண்ணிருக்காங்கல்லா.”

“அந்தச் சத்தியம் தப்புட்டி,” என்றாள் சுகிர்தா. “தெரியாம பண்ணிட்டேன்.”

“அம்மைட்ட நான் பக்குவமா சொல்லுதேன். ஏச மாட்டா. ஏசினா என்னைய ஏசட்டும்,” என்றாள் காமாக்ஷி.

பிரம்மசக்தி அழுதுகொண்டே சுகிர்தாவின் தோளில்தான் சாய்ந்தாள். கேள்வி கேட்டவள் தோள் இந்தப் பக்கம் சும்மா இருந்தது. காமாக்ஷிக்கு அது அப்போதும் வலித்தது.

பிள்ளையை விட்டு சுகிர்தா நகரவில்லை. காமாக்ஷி வாசலில் நின்றபடியே தலைமையாசிரியைக்கும் பிள்ளையின் அம்மாவுக்கும் போன் செய்தாள். அம்மா வந்ததும் எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

தாயும் மகளும் டாக்டர் அறைக்குள் இருந்தபோது, வெளியே பெஞ்சில் காமாக்ஷியால் வாயைக் கட்ட முடியவில்லை.

“ஒரு பிள்ளையயாவது என்கிட்ட அனுப்பிருக்கலாம்லா?”

சுகிர்தா திகைத்துப் பார்த்தாள். “வாரவளுவ எல்லாரையும் உங்ககிட்டதான டீச்சர் அனுப்புதேன். வாசல் வரைக்கும் போறாளுவ. பலகையப் பாத்ததும் என்கிட்டயே திரும்பி வந்துருதாளுவ.”

மறுநாள் காலையில் காமாக்ஷி பலகையைக் கழற்றினாள்.

இப்போது மதிய இடைவேளையில் தையல் அறை பெஞ்சில் மூன்று பேர். பட்டன் அறுந்து வருகிறவள் நடுவில். ஒரு பக்கம் சுகிர்தா தைக்கிறாள். மறுபக்கம் காமாக்ஷி கேட்கிறாள்.